பத்தடி வாசலுக்குப் பச்சைக் கூம்புகள்

சங்கரன்கோவிலில் இன்று வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று செண்ட், நான்கு செண்ட் மனைதான் கைக்கு எட்டுகிறது. அதில் வீடு போக, பைக் நிறுத்த இடம் வேண்டும். ஒரு மூலையில் போர், இன்னொரு மூலையில் தண்ணீர்த் தொட்டியின் மூடி. விடிந்தால் கோலம் போட நாலடித் தரை வேண்டும். இவ்வளவும் போகக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பத்தடிக்கு எட்டடி மிஞ்சினால் அது பெரிய கொடுப்பினை. அந்தத் துண்டு நிலத்தில் பச்சையாக ஏதாவது நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. பால் காய்ச்சிய கையோடு நர்சரிக்குப் போய் ஒரு நெட்டிலிங்கம், ஒரு துஜா, ஒரு கிறிஸ்துமஸ் மரம் என்று வாங்கி வந்து வைத்துவிடுகிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்து அந்தத் தெருப் பக்கம் போனால் நெட்டிலிங்கம் மின்கம்பியைத் தொட்டிருக்கிறது, கிறிஸ்துமஸ் மரம் மாடிக் கைப்பிடியை இடிக்கிறது. துஜா உள்ளுக்குள் காய்ந்து மேல்தோல் மட்டும் பச்சையாக நிற்கிறது. அடுத்து அரிவாள்தான்.

வாங்கும்போது மூன்றுமே சின்னதாகத்தான் இருந்தன. அங்கேதான் சிக்கல். வாங்குகிற அன்று செடி எவ்வளவு உயரம் என்று பார்க்கிறோம், வருடத்துக்கு எவ்வளவு வளரும் என்று கேட்பதில்லை. சின்ன இடத்துக்கு வேண்டியது மெதுவாக வளர்கிற செடி. இந்தக் குணத்துக்காகவே உலகம் முழுக்கத் தோட்டக்காரர்கள் தேடிப்போகிற ஒரு கூட்டம் உண்டு: குட்டை ஊசியிலைச் செடிகள். பைன், ஸ்ப்ரூஸ், சைப்ரஸ், ஜூனிபர், துஜா என்று ஓங்கி வளர்கிற மரங்களின் பிறவிக் குட்டைகள். இலை உதிர்வதில்லை, பூவுக்கு ஏங்க வைப்பதில்லை. வருடம் முழுக்க ஒரே வடிவத்தில் நின்று தோட்டத்துக்கு ஒரு சட்டகம் கொடுக்கின்றன. நம் வெயிலுக்கு அவற்றில் எது தாங்கும், எது தாங்காது, தாங்குவதை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குட்டை ரகம் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கிறவரிடம் நெட்டையா குட்டையா என்று கேட்டால் இரண்டின் குணத்தையும் மூச்சு விடாமல் சொல்வார். நெல்லில் 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 குட்டை ரகம்தான். நெட்டை நெல் உரம் போட்டால் சாய்ந்துவிடும், இது சாயாது, அதனால்தான் விளைச்சல் கூடியது. குட்டை வாழையும் தெரியும். இந்த அறிவு வயலிலும் தோப்பிலும் இருக்கிறது, வீட்டு வாசலுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

ஊசியிலைக் குட்டைகளைத் தரம் பிரிக்க அமெரிக்க ஊசியிலை மரச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வருடத்துக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வளர்வது மிகக் குட்டை. ஒன்று முதல் ஆறு அங்குலம் வரை குட்டை. ஆறு முதல் பன்னிரண்டு வரை நடுத்தரம். அதற்கு மேல் போனால் பெரிய மரம். பத்து வருடத்தில் குட்டை ஓரடி முதல் ஆறடிக்குள் நிற்கும், நடுத்தரம் பதினைந்தடி வரை போகும். இதில் இறுதி உயரத்துக்கு எல்லை எதுவும் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேகத்துக்குத்தான் எல்லை. குட்டை என்றாலும் வளராமல் நிற்காது, நிதானமாக வளரும். இன்னொன்று, இந்த அளவெல்லாம் வருடத்தில் பாதி நாள் குளிரில் உறங்கும் ஊர்களில் எடுத்தது. நம் ஊரில் செடிக்கு அப்படிப்பட்ட உறக்கமே கிடையாது. அங்கே நாலங்குலம் என்றால் இங்கே அதைவிடக் கூடுதலாக எதிர்பார்த்துத்தான் இடம் விட வேண்டும்.

இந்தக் குட்டைகள் எப்படிப் பிறக்கின்றன என்பது அழகான கதை. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆர்னால்டு மரப்பூங்காவைச் சேர்ந்த ஜாக், ரேடர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் கனடாவின் ஆல்பர்ட்டா மலைப் பகுதியில் லாகன் என்ற ஊரில் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். சும்மா நிற்பானேன் என்று பக்கத்துக் காட்டில் நடந்தபோது, ஓங்கிய வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே அச்சில் வார்த்த கூம்பு மாதிரி குள்ளமாகச் சில கன்றுகள் நிற்பதைப் பார்த்தார்கள். அவற்றைக் கொண்டுபோய்க் குச்சி வெட்டி ஊன்றிப் பெருக்கினார்கள். இன்றைக்கு உலகச் சந்தையில் ஆல்பர்ட்டா குட்டை ஸ்ப்ரூஸ் என்று விற்கிற எண்ணற்ற செடிகளும் அந்தக் காட்டுக் கன்றுகளின் வாரிசுகள். விதையில் தற்செயலாக நேர்ந்த ஒரு மாற்றம் அது. சில சமயம் முழு மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் குருவிக்கூடு போல அடர்ந்து சுருங்கி முளைக்கும். அந்தக் கொத்திலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினால் அதுவும் குட்டையாகவே வளரும். இன்னும் சில செடிகள் கன்றுப் பருவத்து இலையோடேயே ஆயுள் முழுக்க நின்றுவிடும்.

மூன்று வழியிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. குட்டைக் குணம் குச்சி வழியாகவோ ஒட்டு வழியாகவோதான் மாறாமல் வரும். விதை போட்டால் தாத்தாவின் உயரம் திரும்பி வந்துவிடலாம். குச்சியில் வந்த செடியிலும் அவ்வப்போது ஒரு கிளை மட்டும் பழைய நெட்டைக் குணத்துக்குத் திரும்பிப் பாய்ந்து எழும்புவது உண்டு. அதை அடியோடு வெட்டாவிட்டால் அந்தக் கிளையே செடியை விழுங்கிவிடும்.

ஐரோப்பாவில் இந்தச் செடிகளை முறையாகத் தொகுத்து 1923இல் புத்தகம் போட்டவர் அயர்லாந்தில் தோட்டம் வைத்திருந்த முர்ரே ஹார்னிபுரூக். பின்னால் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஏட்ரியன் புளூம் என்பவர் பிரெசிங்காமில் இவற்றை வைத்தே பெரிய தோட்டம் உருவாக்கிக் காட்டினார். 1970களில் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு ஊசியிலைச் செடி வைக்கிற மோகம் வந்தது. பத்து, பதினைந்து வருடத்தில் அதே தோட்டங்களில் பல, ஜன்னலை மறைக்கும் பச்சைச் சுவர்களாகிவிட்டன. குட்டை என்று எழுதி ஒட்டிய செடிகளில் பல, உண்மையில் கொஞ்சம் மெதுவாக வளரும் நெட்டைகள். நெட்டிலிங்கத்தை வைத்து நாம் பட்ட பாட்டை அவர்கள் சைப்ரஸை வைத்துப் பட்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஊசியிலை மரங்களை ஆற அமரப் பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்குத்தான் போக வேண்டும். 1848இல் தொடங்கி வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்பவர் வடிவமைத்த அரசு தாவரவியல் பூங்காவில் சைப்ரஸும் அரவுகேரியாவும் ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கும். கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவும் குன்னூர் சிம்ஸ் பூங்காவும் அப்படித்தான். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் திரும்பி வரும்போது மடியில் ஒரு தொட்டியோடு வருவார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது லெமன் சைப்ரஸ் என்று விற்கும் கோல்டு கிரெஸ்ட். எலுமிச்சை மஞ்சளில் பளிச்சென்று ஒரு கூம்பு. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வாசனைக்கு யாரால் மயங்காமல் இருக்க முடியும்? ஆனால் அதன் தாய் மரம் கலிபோர்னியாவில் மான்டரே கடற்கரையின் ஓரத்தில், கோடையிலும் குளிர்மூட்டம் கவிந்து கிடக்கும் இரண்டே இடங்களில்தான் இயற்கையாக வளர்கிறது. அதைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் சிமெண்ட் வாசலில் வைத்தால் ஆனி பிறப்பதற்குள் வைக்கோல் நிறமாகிவிடும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்கிறார். அவர் கையில் ஒரு குற்றமும் இல்லை. சமவெளிக்காரருக்கு அந்தச் செடியை விற்பதுதான் தப்பு.

ஸ்ப்ரூஸ், ஃபிர் வகைகள் இன்னும் மோசம். அவற்றின் மொட்டு விரிவதற்கே சில வாரமாவது நல்ல குளிர் படிந்திருக்க வேண்டும். அது கிடைக்காத செடி எப்போது துளிர்ப்பது என்று தெரியாமல் தடுமாறும். அதோடு நம் ஊர் இரவின் புழுக்கமும் சேர்கிறது. பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தை இரவில் செடி மூச்சு விட்டே செலவழிக்கும். இரவு சூடாக இருந்தால் செலவு அதிகம். வரவைவிடச் செலவு கூடினால் வீடு எப்படி நடக்கும்? ஆகவே ஆல்பர்ட்டா குட்டை ஸ்ப்ரூஸ் படத்தைச் செல்போனில் காட்டி இது வேண்டும் என்று யார் கேட்டாலும், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

தாங்குவது எது? முதல் இடம் துஜாவுக்கு. நர்சரியில் துஜா என்று சொல்வது பெரும்பாலும் சீனத்துத் துஜா, தாவரவியலில் பிளாட்டிகிளேடஸ் ஓரியண்டாலிஸ். ஹோமியோபதி மருந்தில் வரும் தூஜா வட அமெரிக்க மரம், அது வேறு. சீனத்து மரம் பெய்ஜிங் மாநகரின் நகர மரங்களில் ஒன்று. அந்த ஊரில் கோடை சுட்டெரிக்கும், குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். இரண்டையும் பார்த்த மரம் என்பதால் நம் வெயிலையும் சுண்ணாம்பு கலந்த மண்ணையும் பொறுத்துக்கொள்கிறது. அங்கே கோயில் வளாகங்களில் பல நூறு வயதான துஜாக்கள் நிற்கின்றன. வட இந்தியாவில் இதை மயிலிறகோடு ஒப்பிட்டு மோர்பங்கி என்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் படிப்பு ஏறும் என்று இதன் கிளையைப் புத்தகத்துக்குள் வைப்பார்கள். நம் பிள்ளைகள் மயிலிறகையே வைத்தார்கள்.

ஒரு துஜாக் கிளையை ஒடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஊசி என்று ஒன்றும் இருக்காது. மீன் செதில் அளவுகூட இல்லாத இலைகள் தண்டோடு தண்டாக நாலு வரிசையில் ஒட்டிப் படிந்திருக்கும். அப்படிப் பல கிளைகள் சேர்ந்து ஒரு தட்டையான விசிறி. மற்ற துஜாக்களில் விசிறி தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கும், இதில் மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பச்சை. வளர்ந்த செடியில் சாம்பல் பூத்த நீலத்தில் சுண்டுவிரல் நுனியளவு காய் இருக்கும். அதன் ஒவ்வொரு செதிலிலும் ஒரு குட்டிக் கொம்பு வளைந்திருக்கும். முற்றினால் பழுப்பாகி வெடித்து, இறக்கை இல்லாத விதையை உதிர்க்கும். விசிறியைக் கசக்கினால் பிசின் வாசனை கையை விட்டுப் போகக் கொஞ்ச நேரமாகும்.

இந்தத் துஜாவின் குட்டைகளில் தேடி வாங்க வேண்டியது ஆரியா நானா. முட்டை வடிவம், நுனியெல்லாம் பொன்மஞ்சள். பத்து வருடத்தில் குளிர்நாட்டில் இரண்டு, மூன்று அடி. இங்கே இன்னும் கொஞ்சம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். நர்சரிகளில் காம்பாக்டா என்று ஒன்று தாராளமாகக் கிடைக்கிறது. அதில் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலும் அது விதையில் எழுப்பிய நாற்று. ஒரே பாத்தியில் வளர்ந்த பத்தில் மூன்று குண்டாக நிற்கும், ஐந்து பரவாயில்லை என்று நிற்கும், இரண்டு ஆள் உயரம் தாண்டிப் போய்விடும். கேட்டின் இரு பக்கமும் ஜோடியாக வைக்கிற ஆசை இருந்தால் குச்சியில் வந்ததுதானா என்று கேட்டு வாங்குவது உத்தமம்.

அடுத்தது சீனத்து ஜூனிபர். நெட்டுக்குத்தாக, பென்சில் போல நிற்கும் ரகமும் உண்டு, திருகிக்கொண்டு ஏறும் கைசூக்கா என்ற ரகமும் உண்டு. கைசூக்கா வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பேர்போனது. இவை சுத்தக் குட்டை இல்லை, ஆனால் வெட்டுக்கு அடங்கும். மூன்றாவது போடோகார்பஸ் மேக்ரோஃபில்லஸ். ஜப்பானியர்கள் தோட்டத்தில் மேகம் மேகமாகக் கத்தரித்து வைக்கும் மரங்களில் ஒன்று. நீள இலை, கரும்பச்சை. மதிய வெயில் நேராக விழாத இடத்தில் வைத்தால் கத்தரிக்கு இதைப் போல ஒத்துழைக்கிற ஊசியிலைச் செடி கிடைப்பது அரிது. நம் வாசலுக்கு இந்த மூன்றே போதும். பத்து வகை வைக்க இடமும் இல்லை, அவசியமும் இல்லை.

வாங்கக் கூடாததில் தலையாயது கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கும் அரவுகேரியா. அடுக்கடுக்காக நட்சத்திரம் போலக் கிளை விரித்து இரண்டடியில் அது நிற்கும்போது யாருக்கும் கை போகும். "அண்ணாச்சி, இது ரெண்டடிக்கு மேல போகாது, பாத்துக்கிடுங்க" என்று விற்கிறவரும் சொல்லுவார். தரையில் வைத்தால் அறுபது அடியைத் தாண்டுவது அதற்குச் சர்வசாதாரணம், தன் சொந்தத் தீவுகளில் அதைப் போல மூன்று மடங்குக்கும் உயரும். நார்ஃபோக் தீவு மரம் என்று விற்பதில் பல உண்மையில் நியூ கலிடோனியாவின் குக் பைன். அதற்கு இன்னொரு விசித்திரம் உண்டு. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மரங்கள் பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்ந்தே வளர்கின்றன என்று காட்டியது. சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி, ரேகையிலிருந்து தூரம் கூடக் கூடச் சாய்வும் கூடும். நாம் ரேகைக்குப் பக்கம், ஆகவே சாய்வு குறைவாக இருக்கலாம். பத்தடி வாசலில் அறுபதடி மரம் நேராக நின்றால் என்ன, சாய்ந்தால் என்ன? பள்ளிக்கூட மைதானத்துக்கு அது ஏற்ற மரம். வீட்டுக்கு வேண்டாம்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஊசியிலை வகை நம் மண்ணுக்கு அந்நியம் என்று நினைக்கிறோம். தென்னிந்திய மலைகளில் இயற்கையாகவே வளரும் ஊசியிலை மரம் ஒன்றே ஒன்று இருக்கிறது, நகேயா வாலிச்சியானா. அகத்தியமலைத் தொடரின் மழைக்காட்டில், அதாவது நம் மேற்கு வானத்தில் தெரிகிற அதே மலைகளின் தொடர்ச்சியில், அது நிற்கிறது. அகன்ற இலை என்பதால் பார்த்தால் ஊசியிலை வகை என்றே தோன்றாது. அது வானுயர வளரும் காட்டு மரம், வாசலுக்கு வராது. சமவெளியிலும் ஒரு சான்று உண்டு. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் 18 மீட்டர் நீளம். 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை வெளிப்படுத்தினார். ஏறத்தாழ 12 கோடி வருடத்துக்கு முந்தைய அந்த மரமும் ஊசியிலை இனம்தான். பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முன்னால் இந்த மண்ணும் அவற்றின் வீடாக இருந்திருக்கிறது. நம் ஊர்ச் சங்கரநாராயணர் கோயிலின் தலமரமான புன்னையெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது.

செடி வாங்கும்போது கண்ணை நம்பக் கூடாது. ஊசியிலைச் செடி தான் செத்ததைத் தாமதமாகத்தான் வெளியே சொல்லும். வேர் அழுகிப்போன பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். ஆகவே தண்டின் அடியில் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். தோலுக்கடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியை வளைத்தால் வளைய வேண்டும், ஒடியக் கூடாது. விசிறிகளை விலக்கி உள்ளே பார்க்க வேண்டும், நடுவில் கொஞ்சம் பழுப்பு இயல்பு, பாதிக்கு மேல் பழுப்பென்றால் விட்டுவிடலாம். நம் பக்கத்து நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்தும் ஓசூர், பெங்களூருப் பக்கமிருந்தும் லாரியில் செடி வருகிறது. வந்து இறங்கிய வாரத்தில் வாங்காமல், பத்துப் பதினைந்து நாள் இங்கத்து வெயிலில் நின்றதை வாங்குவது நல்லது. கெட்டிக் களிமண் உருண்டையோடு வந்த செடியை அப்படியே குழியில் இறக்கினால் வேர் உருண்டையை விட்டு வெளியே வராது. ஓரத்தை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு இறக்க வேண்டும்.

நடுகிற மாதம் பற்றி நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பயிருக்கு. இந்தச் செடிக்கு ஆடி ஆகாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இறங்கி வரும் காற்றின் வேகம் நமக்குத் தெரியும், சுரண்டையிலிருந்து கயத்தாறு வரை காற்றாலைகள் அதை நம்பித்தான் சுற்றுகின்றன. குற்றாலத்தில் சாரலாக விழுந்துவிட்டு நம்மிடம் வரும்போது அது வறண்ட காற்று. வேர் பிடிக்காத செடியின் ஈரத்தை நாள் முழுக்க உறிஞ்சிவிடும். ஆடித் தபசுத் திருவிழா பார்க்க வந்த உறவினர்கள் செடி வாங்கிக் கொடுத்தால் தொட்டியோடு நிழலில் வைத்திருந்து, ஐப்பசியில் மழை இறங்கிய பிறகு தரையில் வைக்கலாம். வடகிழக்குப் பருவம் மூன்று மாதம் வேருக்குத் துணை நிற்கும்.

கரிசல் மண் வாசலென்றால் குழி வெட்டாமல் மேடு கட்டுங்கள். கரிசல் தண்ணீரைப் பிடித்துவைக்கும், அதில் துஜாவின் வேர் அழுகும். காய்ந்தால் வெடிக்கும், அதில் வேர் அறும். ஓரடி உயரத்துக்குச் செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து மேடு கட்டி அதில் வைத்தால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். செவல் மண் என்றால் இவ்வளவு பாடு இல்லை.

இனி வாசல் எந்தத் திசை பார்க்கிறது என்பது. கிழக்குப் பார்த்த வீட்டுக்காரருக்கு எல்லாம் வசதி. காலை வெயில் கிடைக்கும், உச்சி சாய்ந்ததும் வீடே நிழல் தரும், மேல்காற்றையும் வீடே தடுத்துவிடும். மூன்று வகையும் வைக்கலாம். மேற்குப் பார்த்த வாசலில் ஆரியா நானாவும் ஜூனிபரும் மட்டும், அதுவும் காம்பவுண்டுச் சுவரின் மறைவில். அங்கே வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டி அழகு பார்க்கக் கூடாது, கல்லில் பட்டுத் தெறிக்கும் சூடு அடிக்கிளையைக் கருக்கிவிடும். தென்னை மட்டைத் துண்டோ சருகோ மூடாக்காகப் போடலாம். வடக்குப் பார்த்த வாசலில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிக்குச் சற்று மேல். சித்திரைப் பிறப்பையொட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை அது வடக்கே நிற்கும். ஆகவே வடக்கு வாசலுக்குக் கோடையில் வெயில், மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நிழல். தெற்கு வாசலுக்கு நேர் மாறு. வடக்கு வாசலுக்குப் போடோகார்பஸ் பொருந்தும். துஜா வைத்தால் தொட்டியில் வைத்து, பனிக்காலத்தில் வெயில் பக்கம் நகர்த்த வேண்டும். வெயில் படாத பக்கம் துஜா மொட்டையாகிவிடும், மொட்டையானது திரும்பத் துளிர்க்காது. தொட்டிச் செடியை வாரம் ஒருமுறை கால் சுற்றுத் திருப்பி வைப்பது இதனால்தான்.

செடியை இறக்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் கோலப்பொடி இருக்கும். பத்து வருடம் கழித்து அந்தச் செடி எவ்வளவு அகலமாகுமோ அவ்வளவுக்குத் தரையில் வட்டம் போடுங்கள். ஆரியா நானாவுக்கு மூன்றடி வட்டம், ஜூனிபருக்கு நாலடி. வட்டம் சுவரைத் தொடுகிறதா, தொட்டி மூடியை மறைக்கிறதா, பைக் திரும்புகிற வழியில் விழுகிறதா, துளசி மாடத்தின் காலை வெயிலைத் தடுக்கிறதா என்று அப்படியே நின்று பார்க்கலாம். முதலில் ஐந்து செடி வேண்டும் என்று நினைத்தவர்கள் வட்டம் போட்டதும் இரண்டுக்கு இறங்கிவிடுவார்கள். அந்த இரண்டே போதும். நிமிர்ந்து நிற்க ஒன்று, குண்டாக உட்கார ஒன்று. பச்சைக்குப் பக்கத்தில் பொன்மஞ்சள். மாலைச் சூரியன் சரிந்து அடிக்கும்போது ஆரியா நானாவின் நெட்டுக்குத்து விசிறிகளுக்கு நடுவே வெளிச்சம் புகுந்து ஒவ்வொரு விசிறியும் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் நாற்காலி போட்டு எங்கே உட்காருவீர்களோ அந்த இடத்திலிருந்து தெரிகிற மாதிரி செடிக்கு இடம் தேட வேண்டும். தெருவில் போகிறவர்களுக்காக வைப்பதைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம்.

மீதி இடைவெளியை முதல் நாலைந்து வருடம் பத்துமணிப் பூவாலும் குட்டை இட்லிப்பூவாலும் நிரப்பலாம். ஊசியிலைச் செடி அகலமாக ஆக, ஒவ்வொன்றாகப் பூச்செடியை எடுத்துவிட வேண்டும். செடிக்கும் செடிக்கும் நடுவில் ஒரு கருங்கல் பாதி புதைந்து கிடந்தாலே அந்த மூலைக்கு ஒரு நிதானம் வந்துவிடும். புல்தரை வேண்டாம். அது குடிக்கிற தண்ணீரில் பாதி கொடுத்தால் துஜா பத்து வருடம் நிற்கும். வேர் பிடிக்கும் முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இருமுறை ஆழமாகத் தண்ணீர் ஊற்றினால், அதன் பிறகு பெரிதாகக் கேட்காது.

கத்தரி போடுவதில் ஒரே விதி. பச்சை இருக்கும் வரை வெட்டலாம், பழுப்புக் கட்டைக்குள் கத்தரி போகக் கூடாது. மற்ற செடியை மொட்டையடித்தால் துளிர்க்கும். துஜாவும் ஜூனிபரும் துளிர்க்காது, அந்த ஓட்டை அப்படியே நிற்கும். நாலு வருடம் விட்டுவிட்டு ஒரே நாளில் சரிசெய்ய நினைத்தால் இதுதான் நடக்கும். மழை முடிந்து தை பிறந்ததும் நுனியை மட்டும் லேசாகத் தட்டிவிட்டால் போதும், வருடம் ஒருமுறை. போடோகார்பஸ் ஒன்றுதான் கொஞ்சம் ஆழமாக வெட்டினாலும் மன்னிக்கும்.

கோடையில் செடி மங்கித் தூசி படிந்த மாதிரி வெளிறினால், அது தூசிதானா என்று பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் பொடி விழும். அந்தப் பொடியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப் பேன். விடியற்காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உள்ளேயும் வெளியேயும் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். விசைத்தறி ஓடுகிற தெருவென்றால் பஞ்சுத்தூசியும் விசிறிகளுக்கு நடுவில் அடைந்துகொள்ளும், அங்கே இந்தக் குளியல் மாதம் இருமுறையாவது வேண்டும். உள்ளே உதிர்ந்து தங்கும் பழுப்பு இலையையும் கையால் கோதி எடுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், பூஞ்சாணம் அண்டாது.

கடைசியாக நர்சரி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். துஜா விதைப் பாத்தியில் நூறு நாற்று எழுந்தால் அதில் ஒன்றிரண்டு வளராமல் சுருண்டு குண்டாக நிற்கும். விற்காது என்று அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டு கோடை தாங்கி, நோயில்லாமல், அடர்ந்து அதே குட்டையாக நிற்கிறது என்றால் அதை எறியக் கூடாது. லாகன் காட்டில் அந்த இருவர் பார்த்ததும் அப்படிப்பட்ட கன்றுதான். வெளிநாட்டுக் குட்டைகள் எல்லாம் வெளிநாட்டுக் குளிரில் பொறுக்கியெடுத்தவை. நம் வெயிலில் பொறுக்கியெடுத்த குட்டை ரகம் நமக்கு வேண்டும். அதற்கு ஆராய்ச்சி நிலையம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. அரைமுற்றிய குச்சியை அடித்தோலோடு கிள்ளி எடுத்து, வேர்த்தூண்டு பொடியில் தொட்டு, மணலில் ஊன்றி, மேலே பாலித்தீன் கவிழ்த்து நிழலில் வைத்தால் வேர்விடச் சில மாதம் பிடிக்கும். பத்தில் பாதி பிழைத்தாலே லாபம். அந்தப் பாதியை வேறு வேறு திசை பார்த்த வாசல்களில் வைத்து ஐந்து வருடம் அளந்து பார்க்கலாம். தறியோட்டிக்கொண்டே மாலையில் நாலு தொட்டி பார்த்துக்கொள்கிற ஆட்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களிடம் ஆளுக்கொன்று கொடுத்தாலும் போதும்.